கோண்டைட்னா என்ன பாறை, அதுல மாங்கனீஸ் எப்படி வந்துச்சு?

சிம்பிளா சொன்னா ஸ்பெஸ்ஸார்டைன்னு மாங்கனீஸ் உள்ள ஒரு கார்னெட் கனிமமும் குவார்ட்ஸும் சேர்ந்த உருமாறிய பாறைதான் கோண்டைட். மத்தியப் பிரதேசம் பாலாகாட், மகாராஷ்டிரா நாக்பூர், பண்டாரா பக்கம் நிறைய இருக்கு. 1909-ல ஃபெர்மோர்ங்கிற புவியியலாளர் அங்க வாழுற கோண்ட் மக்கள் பேரையே இதுக்கு வச்சார்.

மாங்கனீஸ் வந்தது கடல்லேர்ந்து. ஆக்சிஜன் கம்மியான தண்ணியில அது கரைஞ்சே கிடக்கும், ஆக்சிஜன் உள்ள தண்ணிய தொட்டதும் ஆக்சைடா மாறி அடியில படிஞ்சிடும், இரும்பு அதுக்கு முன்னாடியே படிஞ்சிடுறதால ரெண்டும் பெரும்பாலும் பிரிஞ்சிடும். அப்புறம் அந்தப் படிவு பூமிக்குள்ள ஆழமா புதைஞ்சு சூடும் அழுத்தமும் ஏறும்போது, களிமண்ணும் மணலும் கலந்திருந்த இடத்துல ஸ்பெஸ்ஸார்டைன் உருவாச்சு, களிமண் இல்லாம மாங்கனீஸ் அதிகமா இருந்த அடுக்கு ப்ரவுனைட் மாதிரி நல்ல தாதுவா ஆச்சு. பக்கத்துப் பக்கத்து அடுக்கே வேற வேற கனிமமா இருக்க இதான் காரணம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதான்.

சூளையில வேகுற செங்கல் மாதிரி நினைச்சுக்கோங்க, பச்சை மண்ணு உருகி ஓடுறதில்ல, ஆனா உள்ளுக்குள்ள புதுக் கனிமங்கள் உருவாகி கல்லாயிடுது.

கோண்டைட் துண்டை உடைச்சுப் பார்த்தா வெளிய கருப்புத் தோல், உள்ள ஆரஞ்சு, பழுப்புல குட்டிக் குட்டி ஸ்பெஸ்ஸார்டைன் மணிகள். அந்தக் கருப்பு வெயில் மழையில மாங்கனீஸ் ஆக்சைடானதால வந்த நிறம், அதைப் பார்த்து எரிமலைக் குழம்பு இறுகின பாறைன்னு நினைச்சா அது தப்பு.