கேரவன் கூரையில் உரியும் கிளியர் கோட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வேனுக்குக் கரூரில் பாடி கட்டி, படுக்கையும் சமையல் மேடையும் அமைத்துக் கேரவனாக மாற்றினோம். வெள்ளி நிற மெட்டாலிக் பெயின்ட். இரண்டு கோடைகளாகக் கூரையிலும் பானெட்டிலும் மேல்பூச்சு வெங்காயச் சருகு போல உரிகிறது. உரிந்த இடத்தில் மட்டும் டப்பா ஸ்ப்ரேயால் கிளியர் அடிக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். பாலிஷ் போட்டாலே போதும் என்கிறார் மற்றொருவர். வீட்டு வாசலில் நானே செய்துகொள்ளலாமா?
வாசகர், பெருந்துறை

பதில்: இரண்டு யோசனைகளுமே உங்கள் வண்டிக்கு உதவாது. மெட்டாலிக் பெயின்டில் நிறமும் அலுமினியத் துகளும் இருப்பது கீழே உள்ள பேஸ் கோட்டில். அதற்குத் தனியாகப் பளபளப்பு கிடையாது. பளபளப்பைத் தந்து வெயிலையும் மழையையும் தாங்குவது மேலே உள்ள கிளியர் கோட். அது பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே இருக்கும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டு அது நொறுங்கும் தன்மையை அடைகிறது. பேஸ் கோட்டுடன் இருந்த பிடிப்பும் விட்டுப்போகிறது. நெட்டுக்குத்தாக நிற்கும் பக்கச்சுவர்கள் தப்பித்து, சித்திரை வெயிலை நேராக வாங்கும் கூரையும் பானெட்டும் முதலில் உரிவதற்குக் காரணம் இதுவே.

பாலிஷ், மங்கிய கிளியரைத் தெளிவாக்குமே தவிர, இல்லாத கிளியரைக் கொண்டுவராது. மெஷினில் போட்டால் தூக்கி நிற்கும் விளிம்பு சிக்கி இன்னும் கிழியும். டப்பா ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை ஹார்டனர் (பூச்சை இறுகச் செய்யும் ரசாயனம்) கலக்காதவை என்பதால் நம் ஊர் வெயிலில் நீடிக்க மாட்டா. அதைவிட முக்கியமானது, உரிந்த திட்டைச் சுற்றி நன்றாகத் தெரியும் பகுதியும் பல இடங்களில் அடியில் பிடிப்பை இழந்திருக்கும். மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கண்ணாடித் தாள் போன்ற செதில்கள் டேப்போடு வந்தால், அதன்மேல் அடிக்கும் புதிய கிளியர் பழையதையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

ஆகவே திட்டுத் திட்டாக அல்ல, கூரை முழுவதையும் பானெட் முழுவதையும் செய்ய வேண்டும். கிளியரை ஒரு தகட்டின் நடுவில் முடித்தால் அந்தக் கோடுதான் மறுபடி முதலில் தூக்கும். தேய்ப்பதற்கு முன்பே மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்தெடுங்கள். இல்லாவிட்டால் உப்புத்தாள் அவற்றைப் பெயின்டுக்குள்ளேயே தேய்த்துவிடும். பிறகு 320 எண் தாளில் தொடங்கி 600 வரை செல்லுங்கள். வாட்டர் பேப்பரில் தேய்க்கும்போது வழியும் நீர் பால் போல இருக்கும்வரை கிளியர் மட்டுமே கரைகிறது. சாம்பல் நிறம் கலந்து வந்தால் பேஸ் கோட்டைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். தகடு வெளிப்பட்ட இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்க அன்றே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்து, ஈரம் காயும் முன் துடைத்துவிடுங்கள்.

கேரவனில் பலர் கோட்டைவிடும் இடம் கூரையின் காற்றுப்போக்கியையும் ஏசியையும் சுற்றி இழுத்திருக்கும் சிலிகான். அது துளி மிஞ்சினாலும் புதிய பெயின்ட் அங்கே ஒட்டாமல் சிறு வட்டக் குழிகளாக விலகும். முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு சிலிகானுக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் சீலன்ட் இடுங்கள்.

இதுவரை உள்ள வேலையை நீங்களே செய்யலாம், கூலியும் கணிசமாக மிச்சமாகும். ஆனால் பேஸ் கோட்டையும் அதன்மேல் இரண்டு கை 2கே கிளியரையும் (ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர்) பூத், அதாவது தூசி புகாத பெயின்ட் அறை, உள்ள பட்டறையில்தான் அடிக்கச் சொல்வேன். வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முடியும்வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். ஈரக் கிளியரில் படியும் தூசியை மீண்டும் தேய்த்துத்தான் எடுக்க முடியும். அதைவிடப் பெரிய காரணம், 2கே ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம். அதன் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். கைக்குட்டையோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. உங்கள் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர் வெளிக்காற்றுக் குழாய் இணைத்த மாஸ்க் அணிகிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு பட்டறை பாருங்கள்.

அதே வெள்ளி நிறம் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் தேவையில்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் கேரவனின் ஃபைபர் முகப்பைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. இதுவும் கிளியர் கோட் உரிவதுதானா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: அல்ல. அது பெயின்ட் அடிக்காத ஜெல் கோட்டாக, அதாவது ஃபைபரை வார்க்கும்போதே மேலே வரும் நிறப் பூச்சாக, இருக்க வேண்டும். அதில் கிளியர் என்று தனிப் பூச்சு இல்லை. நிறமே வெயிலில் சுண்ணாம்பு போலப் பொடிந்து வருகிறது. உங்களுக்குத்தான் பாலிஷ் உதவும். நிழலில் நிறுத்தி, ரப்பிங் காம்பவுண்டால் பொடி வருவது நிற்கும்வரை தேய்த்து, அன்றே மெழுகு போட்டுவிடுங்கள்.