முக்கோண மனையும் ஐந்தரை சென்ட் கணக்கும்

கேள்வி: குலசேகரம் பக்கம் முக்கோண வடிவில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். ரோட்டுப் பக்கம் 80 அடி, வேலிப் பக்கம் 60 அடி. மூன்றாவது பக்கம் சானல்கரை, அதாவது வாய்க்கால் கரை. கைதை (தாழை) அடர்ந்து கிடப்பதால் டேப் பிடிக்க முடியவில்லை. ஐந்தரை சென்ட் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தரகர் 60-ஐ 80-ஆல் பெருக்கிப் பாதியாக்கியிருக்கிறார்: 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆகவே ஐந்தரை. ரோடும் வேலியும் சேரும் மூலை சரியாக 90 டிகிரியாக இருந்தால்தான் இது செல்லும். மூலை குறுகினாலும் விரிந்தாலும் பரப்பு குறையுமே தவிர, கூடவே கூடாது. அந்த இரண்டு பக்கங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச அளவைத்தான் உங்களிடம் விலை பேசுகிறார். மூலையை அளந்து பார்த்த தரகர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

கைதைக்குள் இறங்க வேண்டாம். மூலைக் கல்லிலிருந்து வேலியோரம் 15 அடியில் ஒரு முளை, ரோட்டோரம் 20 அடியில் ஒரு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். இரண்டு பக்கங்களிலும் கால் பங்கு. முளைகளுக்கு இடையே 25 அடி வந்தால் தரகர் கணக்கு சரி. 18 அடி வந்தால் மூலை ஏறத்தாழ 60 டிகிரி; சானல்கரைப் பக்கம் அதன் நான்கு மடங்கு, 72 அடி. இனி வேலி முளையில் டேப்பைப் பிடித்து, ரோட்டோரக் கயிற்றின் மேல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மிகக் குறைவாகக் காட்டுவதே இந்தச் சிறு முக்கோணத்தின் உயரம்: 13 அடி. நான்கு மடங்கு 52. அதை 80-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 2,080 சதுர அடி, நாலேமுக்கால் சென்ட். இல்லாத முக்கால் சென்ட் மண்ணுக்குப் பணம் கொடுக்கப் பார்த்தீர்கள்.

25 அடிக்கு மேல் வந்தால் நிதானம் தேவை. மூலை விரிந்திருக்கிறது, உயரம் உங்கள் மனைக்குள் விழாது, மூலைக் கல்லைத் தாண்டி அடுத்தவர் பக்கம் விழும். ரோட்டோரக் கயிற்றை அதே நேர்கோட்டில் கல்லுக்கு அப்பாலும் நீட்டிக் கட்டி, வேலி முளையிலிருந்து அந்த நீட்டிய கயிற்றுக்கு அளக்க வேண்டும். பெருக்குவதோ 80 அடியை மட்டும். நீட்டிய நீளத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டு, மனை பெரிதாகிவிட்டது என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேர்த்தது அண்டை வீட்டுக்காரரின் மண். உயரம் வெளியே விழலாம், பக்கம் வெளியே போகாது.

பள்ளியில் சைன், கோசைன் அட்டவணையை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். இரண்டு முளையும் ஒரு கயிறும் கொடுத்து மைதானத்தை அளக்கச் சொல்வதில்லை. புலப்படத்தில் (சர்வே வரைபடம்) மீட்டர், பட்டாவில் ஏர், சந்தையில் சென்ட் என்று மூன்று அளவுகளை வைத்துக்கொண்டு மக்களை ஏன் அலையவிட வேண்டும்? மீட்டரை 3.28-ஆல் பெருக்கினால் அடி. ஓர் ஏர் 2.47 சென்ட்.

பத்திரத்துக்கு முன் நில அளவைக்கு மனுக் கொடுங்கள். தாமதமாகும், எரிச்சல் வரும்; ஆனாலும் கொடுங்கள். சானல்கரை பொதுவாகப் புறம்போக்கு. அந்தப் பக்கத்து எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று சர்வேயர் காட்டும்போது, கைதையை வெட்டிவைத்து நீங்களும் உடன் நில்லுங்கள்.