பராமரிப்பு இல்லச் செவிலியரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிப் பேச்சும் இழந்த என் தந்தை, கோவையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நானும் அக்காவும் தம்பியும் வெவ்வேறு ஊர்களிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் "நல்லா இருக்கார்" என்ற செவிலியர்கள், இப்போது திடீரென்று படுக்கைப் புண் என்கிறார்கள். மறைத்துவிட்டார்களா? இனி எப்படிப் பேசுவது?

பதில்: மறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுமுன், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதையும் யோசியுங்கள். "அப்பா எப்படி இருக்கார்?" என்று பொதுவாகக் கேட்டால், மருந்து கொடுக்கும் வேலைக்கு நடுவே போனை எடுப்பவர் வேறென்ன சொல்வார்? அதைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா, அந்த நேரங்களைப் பதிவேட்டில் குறிக்கிறார்களா, வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். புண்ணின் முதல் கட்டம் அதுதான். கருத்த தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது என்பதால், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட அளவு, சிறுநீர், மலம், மாத எடை ஆகியவற்றையும் இப்படித் திட்டமாகவே கேட்கலாம்.

மூவரும் தனித்தனியே அழைப்பதை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும், டூட்டி மாறும் நேரத்தைத் தவிர்த்து, பொறுப்புச் செவிலியர் ஒதுக்கித் தரும் வேளையில் பேசி, மற்ற இருவருக்கும் தெரிவிப்பதே நல்லது. (ஒரே கேள்விக்கு மூன்று முறை பதில் சொல்பவரின் பதில் சுருங்கத்தான் செய்யும்.) கீழே விழுதல், காய்ச்சல், உணவை மறுத்தல், திடீர்க் குழப்பம் அல்லது மயக்கநிலை, தூக்க மருந்து புதிதாகத் தொடங்குதல் ஆகியவற்றை நடுராத்திரியானாலும் தெரிவிக்க வேண்டும் என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். முதியவர்களின் திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் தொற்றோ மருந்தோ இருக்கும். அதை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது.

உங்கள் பக்கத்திலிருந்து போக வேண்டிய தகவலும் உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் மறப்பது இதைத்தான். உங்கள் தந்தை நெற்றியைச் சுருக்குவது வலியாலா, பழக்கத்தாலா என்பது புதிதாக வந்த செவிலியருக்குத் தெரியாது.

இப்போதுள்ள புண்ணின் நீள, அகல, ஆழத்தையும் கசிவையும் வாரந்தோறும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். புகாரை டூட்டியில் இருப்பவர்மேல் கொட்டாமல், பொறுப்புச் செவிலியரிடம் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.