கன்ஃபார்மல் சமச்சீர்மையில் இரண்டு பரிமாணத்துக்கு மட்டும் ஏன் இத்தனை மதிப்பு? லீ இயற்கணிதம் அதில் என்ன வேலை செய்கிறது?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். லீ இயற்கணிதம் என்றால், ஒரு சமச்சீர்மையின் மிகச் சிறிய அடிப்படை மாற்றங்களும் (ஜெனரேட்டர்கள்), அவை ஒன்றோடொன்று சேரும் விதிகளும். இரண்டு பரிமாணத்தில் அந்த ஜெனரேட்டர்களுக்கு முடிவே இல்லை.

கன்ஃபார்மல் மாற்றத்தில் நீளம் மாறலாம், கோணம் மாறக்கூடாது. நகர்த்தலாம், சுழற்றலாம், ஒரே விகிதத்தில் பெரிதாக்கலாம். அப்புறம் 'சிறப்பு கன்ஃபார்மல்' என்று ஒரு வகை உண்டு: ஒரு கோளத்தில் உள்வெளியாகத் திருப்பி, நகர்த்தி, மறுபடி திருப்புவது. மூன்று பரிமாணமும் அதற்கு மேலும் என்றால் இவ்வளவுதான் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் லியூவில் நிறுவிவிட்டார். மூன்று பரிமாணத்தில் 3 + 3 + 1 + 3, மொத்தம் 10 ஜெனரேட்டர்கள். நான்கில் 15.

இரண்டில் கதையே வேறு. கலப்பெண் தளத்தில் எந்தப் பகுமுறைச் சார்பை எடுத்தாலும், வகைக்கெழு பூச்சியம் ஆகாத இடங்களில் அது கோணத்தைக் காப்பாற்றும். அதனால் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரு ஜெனரேட்டர். இரண்டின் கமுட்டேட்டரை (முன்பின்னாக மாற்றிச் செய்தால் வரும் வேறுபாட்டை) எடுத்தால், எண்களின் கூட்டலுக்குரிய ஜெனரேட்டர் வரும், வித்தியாசத்தால் பெருக்கப்பட்டு. 2, −2 இரண்டையும் எடுத்தால் 0ஆம் ஜெனரேட்டரின் 4 மடங்கு.

குவாண்டம் கோட்பாட்டில் இதோடு ஓர் எண்ணும் ஒட்டிக்கொள்கிறது. எதிரெதிர் எண்களின் கமுட்டேட்டரில் மட்டும் வரும் அது: எண்ணின் கனத்திலிருந்து எண்ணைக் கழித்து, 12ஆல் வகுத்து, சென்ட்ரல் சார்ஜால் (ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் உரிய ஓர் எண்) பெருக்க வேண்டும். −1, 0, 1 போட்டால் பூச்சியம். 2 போட்டால்தான் முதன்முறையாகத் தலைகாட்டும், சென்ட்ரல் சார்ஜில் பாதியாக. இதுதான் விராசோரோ இயற்கணிதம்.

இதை வைத்து என்ன கிடைக்கும்? எனக்கு மிகவும் பிடித்த கணக்கைச் சொல்கிறேன். இரு பரிமாண ஐசிங் காந்த மாதிரி (லாட்டிஸ் என்ற கட்ட வலையின் ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ பார்க்கும் ஒரு ஸ்பின்), காந்தத்தன்மை மறையும் மாறுநிலை வெப்பநிலையில். அதன் சென்ட்ரல் சார்ஜ் 1/2. 'எ' என்ற எடை (0ஆம் ஜெனரேட்டர் அந்த நிலையில் தரும் எண்) உள்ள நிலையிலிருந்து இரண்டு படி ஏற இரண்டு வழி: −1ஆம் ஜெனரேட்டரை இரண்டு முறை செலுத்தலாம், அல்லது −2ஆம் ஜெனரேட்டரை ஒரு முறை. இந்த இரண்டு நிலைகளின் உட்பெருக்கங்களை 2×2 அணியாக எழுதி, அணிக்கோவையைப் பூச்சியமாக்குங்கள். எ = 0 என்பதை விட்டால் மிஞ்சுவது

32எ² − 18எ + 1 = 0

மூலங்கள் 1/2, 1/16. முதலாவது ஆற்றலுக்கு, இரண்டாவது ஸ்பின்னுக்கு. இந்த இயற்கணிதத்துக்கு இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டு பிரதிகள் உண்டு; இரண்டின் எடையையும் கூட்டினால் ஸ்பின்னின் பரிமாணம் (இடத்தின் பரிமாணம் அல்ல, அளவை மாற்றும்போது ஸ்பின் மாறும் அடுக்கு) 1/8. அதாவது இரண்டு ஸ்பின்களின் தொடர்பு, இதன் இரு மடங்காக, தூரத்தின் 1/4 அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. 1944இல் ஆன்சாகர் தொடங்கிவைத்த நெடிய லாட்டிஸ் கணக்குகள் தந்த அதே 1/4, இங்கே ஒரு இருபடிச் சமன்பாட்டிலிருந்து வந்து நிற்கிறது! 1984இல் இயற்பியலாளர்கள் பெலாவின், பொல்யாகோவ், சமோலோட்சிகோவ் மூவரும் திறந்துவிட்ட வழி இது.

மூன்று பரிமாண ஐசிங்கில் இப்படி நடக்காது. அங்கே கையில் இருப்பது 10 ஜெனரேட்டர்கள்தான். பூட்ஸ்ட்ராப் முறையில் (சமச்சீர்மைக்கு ஒத்துவராத மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் முறை) கணினியை வைத்து ஸ்பின்னின் பரிமாணம் சுமார் 0.51815 என்று மிகத் துல்லியமாக நெருக்கியிருக்கிறார்கள், ஆனால் 1/8 மாதிரி கையால் எழுதிக்காட்ட ஒரு விடை இல்லை.

நீங்கள் எம்.எஸ்சி. மாணவர் என்றால், புத்தகத்தில் அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் அந்த 2×2 அணியைக் கையால் போட்டுவிடுங்கள். மூலைவிட்டத்தில் 4எ(2எ + 1), 4எ + 1/4. மற்ற இரண்டு இடத்திலும் 6எ வர வேண்டும்.