விபாசனா மையத்தில் சம்பளமில்லாமல் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் எப்படித் தியானமாகும்?

விபாசனா என்பது உடலில் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் பௌத்த வழித் தியானம். அதை மௌனமாக உட்கார்ந்து கற்கும் பத்து நாள் முகாமை நீங்கள் முடித்தவர் என்று நினைக்கிறேன். முடிக்காதவர்களைச் சேவைக்கு எடுப்பதில்லை. அடுத்த விடுமுறையில் மறுபடி மாணவராக உட்காரலாமா, சேவைக்குப் போகலாமா என்ற யோசனையில்தான் கேட்டிருப்பீர்கள். சேவைக்குப் போங்கள்.

நான் மார்த்தாண்டம் பக்கம். எங்களுக்குச் சென்னையைவிட கேரளத்தில் இருக்கும் செங்கன்னூர் மையம்தான் கிட்ட. குழித்துறையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம், மலையாளமும் தெரியும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 6.30க்குக் காலை உணவு, 11 மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை 5 மணிக்குப் புது மாணவர்களுக்குப் பழமும் சாயாவும், பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். இதற்கு நடுவில் காலை 8, மதியம் 2.30, மாலை 6 என்று மூன்று வேளை சேவகர்களும் கூடத்தில் ஒவ்வொரு மணி நேரம் உட்கார வேண்டும். அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இனி உங்கள் கேள்வி. ஒரு முகாமில் ஆறாம் நாள், என் மகள் வயதுப் பெண் ஒருத்தி சாப்பாட்டுக்கூட வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். தமிழ்ப் பிள்ளை. "ஆண்ட்டி, என்னால முடியல, என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றாள். சேவகர் மாணவரைத் தொடக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. உதவி ஆசிரியரிடம் அழைத்துப் போகலாம், அவ்வளவுதான். நானும் பிள்ளை பெற்றவள். கை தானாக அவள் தோளுக்குப் போகிறது. தொண்டை அடைக்கிறது, நெஞ்சுக்குள் சூடு ஏறுகிறது. கண்ணை மூடி உட்கார்ந்தபோது கவனிக்கச் சொன்ன அதே உணர்ச்சிகள்! அவற்றைப் பார்த்துக்கொண்டே, "வா மக்கா, ஆசிரியரம்மாகிட்ட சொல்லலாம்" என்று மட்டும் சொல்லி, பெண்கள் பகுதிப் பொறுப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆறுதல் சொல்லத் துடித்ததில் அவள் துக்கம் எவ்வளவு, என் பதற்றம் எவ்வளவு என்று அந்தச் சில நிமிடங்களில் எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்த முகாம்களில் இது எனக்குக் கிடைத்ததில்லை. அங்கே யாரும் நம்மிடம் அழுவதில்லை, யாரும் நம்மைச் சீண்டுவதில்லை.

அந்தப் பெண் முகாமை முடித்தாள். பத்தாம் நாள் காலை மௌனம் கலைந்ததும் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். என்னிடம் வரவில்லை. வருவாள் என்று மனம் காத்திருந்தது. பாரமிதைகள் என்று சொல்லும் நற்குணங்களில் தானத்தையும் சமநிலையையும் பற்றி முகாமின் மாலை உரையில் கேட்டதெல்லாம் இந்த இடத்தில்தான் உறைத்தது.

"ஓசியில் வேலை வாங்குகிறார்கள்" என்று எழுத வருபவர்களுக்கு: அங்கே மாணவர்களிடம் கட்டணமே இல்லை, முன்பு முகாம் முடித்தவர்களின் நன்கொடையில்தான் நடக்கிறது. எனக்கும் முதல் தடவை யாரோ ஒருவர் சமைத்துப் போட்டார். "மதம் மாறிட்டியா" என்பவர்களுக்கு: நான் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவள். முகாம் நாட்களில் ஜெபம், மந்திரம் எதையும் கலக்கக்கூடாது என்பது விதி, அதை மதிக்கிறேன். வீடு திரும்பினால் என் ஜெபம் எனக்கு. வேலையை விட்டு ஓடினால்தான் ஆன்மிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்த முகாம்களை இந்தியாவில் தொடங்கிய கோயங்காவின் குருவான உ பா கின், பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டேதான் தியானம் கற்பித்தார்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வீட்டில கஞ்சி வைக்க ஆளில்ல, இவ ஊரானுக்குக் கஞ்சி வைக்கப் போறா" என்று சொந்தக்காரர்கள் என் காது படவே பேசினார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் வருஷக்கணக்கில் கல்ஃபில் கிடப்பார்கள், மாலை போட்டு மாசக்கணக்கில் விரதம் இருப்பார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. சபை ஆண்டு விழாவுக்கு விடிய விடியத் தேங்காய் துருவுவது நாங்கள்தான், மேடையில் பொன்னாடை கமிட்டிக்காரர்களுக்கு. அதற்கெல்லாம் அனுமதி தேவைப்படாத பெண்ணுக்கு, தனக்கென்று பத்து நாள் கேட்டால் மட்டும் ஏன் இத்தனை விசாரணை? என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை, அதனால் போனேன். அப்படி வாய்க்காதவர்கள் எத்தனை பேர்!

சமையல் பழக்கமில்லை என்றால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பாத்திரம் கழுவவும், கூடம் பெருக்கவும், மணி அடிக்கவும் ஆள் வேண்டும். பத்து நாளும் லீவு கிடைக்காவிட்டால் சில நாள் மட்டும் வருவதாகவும் கேட்டுப் பார்க்கலாம்.