நாலு இதழ் ட்சுபா வாங்கலாமா?

கேள்வி: ஒசாகால வேலை பாக்கறேன். போன 21ஆம் தேதி கியோட்டோ தோஜி கோயில் சந்தைல பழைய ஜப்பான் வாள்ல பிடிக்கும் அலகுக்கும் நடுவுல கையை காக்கற தகடு, ட்சுபா ஒண்ணு பாத்தேன், நாலு இதழ் பூ மாதிரி ஷேப், இரும்பு, 8 சென்டிமீட்டர் இருக்கும். 14,000 யென் சொல்றாரு. ஓடாங்கற பழைய சாமுராய் குடும்பத்து சின்னம், அதான் இந்த ஷேப்னு சொன்னாரு, ‘நொபுஇயே’ன்னு கையெழுத்து வேற இருக்கு. இந்த ஷேப்லயே சேக்கலாம்னு ஆசை. வாங்கலாமா?

பதில்: அந்த ஷேப்புக்கு பேரு மொக்கோ. ஆசை நல்ல ஆசைதான், எனக்கும் வட்டத்தை விட மொக்கோதான் புடிக்கும். ஆனா அவர் சொன்ன கதையை நம்பி மட்டும் காசு குடுக்காதீங்க. ஓடா சின்னத்துல 5 இதழ், உங்க ட்சுபால 4, அதோட மொக்கோங்கறது எல்லா ஊர் பட்டறையிலயும் நூத்துக்கணக்கான வருஷமா பண்ணின பொதுவான ஷேப், அதை வச்சு எந்த குடும்பத்தோடதுன்னோ எந்த காலத்துதுன்னோ சொல்லவே முடியாது.

கையெழுத்து விஷயம் இன்னும் மோசம். நொபுஇயே இரும்பு ட்சுபா செஞ்சவங்கள்ல ரொம்ப பெரிய பேரு, மொக்கோ ஷேப்ல அவர் பேர் போட்டது நிறைய வரும், அதனாலயே பின்னாடி வந்தவங்க அந்த பேரை வெட்டி வெட்டி வித்திருக்காங்க, பொய் கையெழுத்துக்கு கிமேய்னே ஒரு வார்த்தை இருக்கு. நிஜ நொபுஇயே 14,000 யென்னுக்கு சந்தைல கிடக்காது. அதனால கையெழுத்தே இல்லன்னு நெனச்சு, அந்த இரும்பு மட்டும் அந்த காசுக்கு தகுமான்னு பாருங்க.

எப்படி பாக்கறதுன்னா, கைல எடுத்து நடுவுல வாள் போற ஓட்டை, பக்கத்துல சின்ன கத்தி சொருகற ஓட்டை, இந்த ரெண்டோட உள்சுவரை டார்ச் அடிச்சு பாருங்க, அச்சுல ஊத்தின நகல்னா அங்கதான் மாட்டும், ஒட்டின கோடு, பொடிப்பொடி குழி, மொழுமொழுன்னு மழுங்கின ஓரம் தெரியும். அடிச்சு செஞ்ச இரும்புல ஓட்டையோட ஓரம் கூர்மையா உளி பட்ட மாதிரி இருக்கும், வாளுக்கு ஏத்த மாதிரி செம்பு துண்டு வச்சு இறுக்கியிருந்தா அது நல்ல அடையாளம், நிஜமாவே ஒரு வாள்ல மாட்டி கழட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ஓட்டையை சுத்தி முட்டை வடிவத்துல வாஷர் உக்காந்த தடம் இருக்கான்னும் பாருங்க. விரல்ல தொங்கவிட்டு நகத்தால தட்டினா நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், ஊத்தினது பொத்துனு கேக்கும், ஆனா இது ஒண்ணை மட்டும் வச்சு முடிவெடுக்க வேணாம். மேக்னெட் வச்சு பாக்கறது வேஸ்ட், ஊத்தின இரும்பும்தான் ஒட்டும்.

வாங்கிட்டீங்கன்னா தயவுசெஞ்சு க்ளீன் பண்ணாதீங்க. நான் ஆரம்பத்துல ஒரு அழகான மொக்கோவை துரு போகட்டும்னு வினிகர்ல ஊறப்போட்டேன், சாக்லேட் கலர்ல இருந்த பழைய மேல்தோல் மொத்தமும் போய் சாம்பல் தகடா வெளில வந்துச்சு, இன்னிக்கும் அதை பாக்கும்போது மனசு வலிக்குது. கருப்பும் காப்பி கலரும் அழுக்கு இல்ல, அதான் அதோட மதிப்பே. சிவப்பு துரு மட்டும் இருந்தா மான்கொம்பு இல்ல எலும்பு துண்டால மெல்ல சுரண்டிட்டு, காட்டன் துணியால தினமும் தேய்ங்க, மாசக்கணக்காகும், பரவால்ல.

வாளை ஜப்பான்ல பதிவுச் சீட்டோடதான் வச்சுக்கணும், ட்சுபா தனியா இருந்தா அது தேவையில்ல. பெரிய காசு போடறதா இருந்தா மட்டும் என்பிடிஹெச்கே (ஜப்பான் வாள் பாதுகாப்பு சங்கம்) சர்டிபிகேட் உள்ளதா பாத்து வாங்குங்க, அவங்கதான் டோக்கியோ ரியோகோகுல வாள் மியூசியம் நடத்தறாங்க, அந்த பக்கம் போனா நல்ல இரும்பை கண்ணால பாத்துட்டு வாங்க.

உங்களுது ஓட்டை டெஸ்ட்ல பாஸாச்சுன்னா 10,000க்கு கேட்டு பாருங்க. உள்சுவரை பாக்க விடலன்னா வச்சுட்டு நகருங்க, அடுத்த மாசம் 21ஆம் தேதியும் சந்தை இருக்கு.