முதலில் பாம்பைக் கீழே விடுங்கள்

கேள்வி: சென்னையில் படிக்கும் என் அக்கா மகன், யாரோ வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போன பால் பைத்தான் (ball python) என்கிற வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்றைக் காப்பாற்றி, இங்கே எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். நாங்களே வளர்க்கலாம் என்று இருக்கிறோம். பத்து நாளாகியும் எதையும் தின்னவில்லை. பயம் தெளியட்டும் என்று பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கையில் வைத்திருக்கிறார்கள், சமர்த்தாகச் சுருண்டுகொள்கிறது. அப்பத்தா பால் வைக்கச் சொல்கிறார். இதை எப்படிப் பழக்குவது?
- வாசகர் ஒருவர், மண்டபம்

பதில்: பிள்ளைகளிடமிருந்து அதை வாங்கிப் பெட்டிக்குள் விடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். அது ஏன் சாப்பிடவில்லை என்பதற்கான காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வருகிற மலைப்பாம்பு வகை அது. பயந்துவிட்டால் தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நீங்கள் சமர்த்து என்று நினைப்பது அந்தப் பயத்தைத்தான். வளர்த்தவர் விட்டுப்போய், சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் குலுங்கி வந்து, புது வாசனையுள்ள வீட்டில் இறங்கி, அதற்கு மேல் நாள் முழுக்கக் கை மாறிக்கொண்டே இருந்தால் எந்தப் பாம்பு இரையெடுக்கும்?

இரண்டு வாரமாவது யாரும் தொடக்கூடாது. தண்ணீர் மாற்ற, கழிவை எடுக்க மட்டும் கை உள்ளே போகட்டும். அது இரண்டு மூன்று முறை ஒழுங்காக இரையெடுத்த பிறகு, பெரியவர்கள் யாராவது கொஞ்ச நேரம் தூக்கிப் பழகலாம். அப்போதும் இரை எடுத்த இரண்டு நாளைக்குத் தொடவே வேண்டாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பாம்பின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் கவலை. கடையில் தேட வேண்டாம், விளிம்பில் பாம்பு நுழையுமளவு உடைந்த மண்சட்டி இரண்டு போதும். கூர்முனையைத் தேய்த்துவிட்டு ஒன்றை வெதுவெதுப்பான பக்கமும் மற்றதைக் குளிர்ந்த பக்கமும் கவிழ்த்து வையுங்கள். உள்ளே சுருண்டால் உடம்பு நாலாபக்கமும் சட்டியில் உரச வேண்டும், அகலமாக இருந்தால் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி என்பதுதான் அதற்கு ஏற்ற சூடு. வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலும் சூடேற்றும் விளக்கைப் பற்றித்தான் இருக்கும். மண்டபத்தில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கண்ணாடித் தொட்டியை வைத்தால் பாம்பு வெந்துவிடும், நமக்குக் குளிர்ச்சியான மூலைதான் முதல் தேவை. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளேயே வையுங்கள். தரையில் கடற்கரை மணல் வேண்டாம், பழைய செய்தித்தாளை விரியுங்கள். கழிவு உடனே கண்ணில் படும், ஈரமானால் மாற்றிவிடலாம், ஈரத்திலேயே கிடந்தால் செதிலில் புண் வரும். தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அவை உண்ணிகள், மருத்துவரிடம் கேட்டுத்தான் மருந்து போட வேண்டும். மூடிக்குப் பூட்டும் போடுங்கள்.

பால் வேண்டவே வேண்டாம். பாம்புக்குப் பால் செரிக்காது. நாள்கணக்கில் தாகத்தில் விடப்பட்ட பாம்பு வேறு வழியில்லாமல் குடிப்பதைப் பார்த்துத்தான் நம்மூரில் அந்த நம்பிக்கை இவ்வளவு காலம் நிற்கிறது. அப்பத்தாவின் அக்கறை நல்ல அக்கறை, தினமும் நல்ல தண்ணீர் மாற்றுகிற வேலையை அவரிடமே கொடுங்கள். கடலோரத்து வீடு என்பதால் யாராவது நெத்திலியைப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அதையும் இது தின்னாது. இதற்கு இரை எலி, பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் பருமனுக்கு மிகாத எலி. வீட்டுப் பொறியில் விழுந்தது ஆகாது, பக்கத்து வீட்டில் விஷம் தின்றுவிட்டு வந்திருக்கலாம். உயிரோடு விட்டாலும் எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். உறைய வைத்ததை வாங்கி, முழுக்க உருகவிட்டு, வெந்நீரில் சூடாக்கி இரவில் இடுக்கியால் காட்டுங்கள். எடுக்காவிட்டால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நன்றாக இருக்கும் பெரிய பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் தாங்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், துணிப்பையோடு நிறுத்தால் போதும். எடை தொடர்ந்து இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயோரம் நுரை தள்ளினாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நாய்க்குட்டி மாதிரி அது உங்களைத் தேடி வராது. நீங்கள் வந்து நின்றாலும் பயப்படாமல் இருக்கும் அளவுக்குப் பழகும், அதற்கே மாதங்கள் ஆகும். இது நன்றாக வளர்த்தால் 20, 30 வருடம் வாழ்கிற உயிர். இன்று தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று போன பிறகும் இதற்கு எலி வாங்கிப் போடுகிற ஆள் வீட்டில் யார்? அந்தப் பேர் தெரியாமல் முடிவு செய்யாதீர்கள். சலித்துப்போய்க் கருவேலங்காட்டில் விட்டுவிடலாம் என்ற எண்ணமே வரக்கூடாது, அந்த உயிருக்கும் கேடு, காட்டுக்கும் கேடு.

'காப்பாற்றியது' என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். வலையில் சிக்கிய கடல் பாம்பு, பனங்காட்டில் அகப்பட்ட மண்ணுளி, சாரை என்று நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விடாது. வனத்துறைக்குச் சொல்வது மட்டும்தான் நம் வேலை. உங்களிடம் இருப்பது வெளிநாட்டு இனம் என்பதால் வளர்க்கலாம், ஆனால் 2022-ல் வந்த திருத்தப்படி அதற்குப் பதிவு வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும், இரண்டையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் செய்யலாம். விட்டுப்போனவர் பதிவு செய்திருந்தாரா, தாள் ஏதாவது இருக்கிறதா என்று அக்கா மகனிடம் இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது பாம்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், போட்டோ போதும்.